டீ மாஸ்டருக்கு முளைத்த இறக்கை

மனித உடம்பில் கடவுள் தம் கையாலேயே வடித்த உறுப்பு தோள் ஒன்றுதான். மற்றவையெல்லாம் மண்ணைப் பிசைந்து ஊதியபோது தாமாக வந்து ஒட்டிக்கொண்டவை. சிலுவையைச் சுமந்ததும் தோள், காணாமற்போன ஆட்டைத் தூக்கி வந்ததும் தோள், ஆண்டுதோறும் செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி அதிதூதர் மிக்கேல் சம்மனசைத் தெருத் தெருவாகத் தாங்கிச் செல்வதும் தோள். ஆகவே அன்பார்ந்த இறைமக்களே, தோளே மனிதன்.

இப்படி உபதேசியார் தோமினிக் கோயில் மைக்கில் சொல்லி முடித்த பன்னிரண்டாம் நாள், அவர் புகழ்ந்த தோள்களிலேயே தலையாய தோளில் ஆறு முட்டையின் வெள்ளைக்கருவும் கால்படி உளுந்து மாவும் அப்பியிருந்தன. அதன்மேல் துணிக்கட்டு. துணிக்கட்டின் மேல் ஈ. தோளுக்குச் சொந்தக்காரன் பிரிட்டோ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஜெயராணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விசிறினாள். விசிறியது அவனுக்குக் காற்று வர அல்ல, நாற்றம் தெருப்பக்கம் போக.

"யோவ், நாறுதுய்யா."

"மருந்துன்னா நாறும்."

"இது மருந்து நாத்தம் இல்ல. மாவு புளிச்ச நாத்தம். நாயி வந்து மோந்து பாத்துட்டு அதுவே தும்மிக்கினு போவுது."

"ஒம்பது நாளு பிரிக்கக் கூடாதுன்னாரு கட்டுக்காரரு."

"அவருக்கு இன்னா, அவரு அனந்தபுரத்துல காத்தாடப் படுத்துக்கினு இருக்குறாரு. பக்கத்துல படுக்குறவ நானு."

பிரிட்டோ செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கிருஷ்ணமூர்த்தி கடையில் டீ மாஸ்டர். பதினாறு வருஷமாக அவனுடைய வலது கை தலைக்கு மேலே போகும், இடது கை இடுப்புக்குக் கீழே நிற்கும், நடுவில் மூன்றடி நீளத்துக்கு டீ தொங்கும். செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்த இந்த வருஷம் கிருஷ்ணமூர்த்தி 'உலகப் புகழ் செஞ்சி டீ' என்று போர்டை மாற்றினார். தூளை மாற்றவில்லை. காலையில் வடித்த தூளே பதினோரு மணிக்கும் வடிந்தது. கை உயரத்தைப் பார்த்து வாய் பிளப்பவன் தூளைக் கவனிக்க மாட்டான் என்பது அவருடைய வியாபார ஞானம்.

ஆனால் ஊரில் பிரிட்டோவை டீ மாஸ்டர் என்று யாரும் சொல்வதில்லை. அவன் 'முன் வலது தண்டு'. மிக்கேல் சம்மனசின் சப்பரத்தைத் தோளில் தாங்க நாலு தண்டு, தண்டுக்கு ஒன்றாக நாலு குடும்பம். முன் வலது தண்டுதான் முதல் மரியாதை. முதல் மாலை அந்தத் தோளுக்கு, திருவிழா பேனரில் பெரிய முகம் அந்தத் தோள்காரனுக்கு, பந்தியில் முதல் இலை அந்த வீட்டுக்கு. அவனுடைய நைனாவின் தாத்தா காலத்திலிருந்து வருகிற பாத்தியம். சப்பரத்தின் மேல் மிக்கேல் சம்மனசு இரண்டு வெள்ளை இறக்கையை விரித்துக்கொண்டு, வாளை ஓங்கிக்கொண்டு, சாத்தானின் கழுத்தில் மிதித்துக்கொண்டு நிற்பார். பீடத்தைச் சுற்றித் தரையைத் தொடுகிற மாதிரி ஜரிகைத் தொங்கல். மொத்தம் நானூறு கிலோ என்று நோட்டீஸில் அச்சாகும். திருவிழா முடிந்ததும் தொங்கலைத் துவைத்துக் கொடுப்பது வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. இந்த வருஷம் ஜெயராணியின் முறை. அடியோரத்தில் அப்பியிருந்த கறுப்பு மை மூன்று சோப்புக் கரைந்தும் போகவில்லை.

திருவிழாவுக்கு முந்தின வாரம் பிரிட்டோவுக்குக் காய்ச்சல். மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுந்து, மாலை வாங்கி, தண்டுக்குத் தோள் கொடுத்தான். திருவிழா முடிந்த நாலாம் நாள் விடிகாலை, கடை திறக்கக் கிளம்புகிற நேரம், சட்டைக்குள் கையை நுழைத்தவன் அலறிக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"இன்னாய்யா ஆச்சு?"

"தோளு... கொதிக்கிற பாய்லரத் தூக்கித் தோள் மேல வெச்ச மாரி..."

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பாள் ஜெயராணி. உபதேசியார் வந்து நின்றார். அவர் கட்டையான ஆள், வெள்ளை வேட்டி, பையில் மூன்று பேனா. மூன்றில் எது எழுதும் என்று அவருக்கே தெரியாது.

"ஆஸ்பத்திரிக்கா? தாராளமா போ. நான் வேணாம்னு சொல்லல. ஆனா அங்க இன்னா எழுதிக் குடுப்பான்? தோள் பலவீனம்னு எழுதுவான். அந்தச் சீட்ட உன் பங்காளி ராபர்ட் ஜெராக்ஸ் எடுத்து ஊருக்கே குடுப்பான். நாலு தலைமொறத் தண்டு பிரிட்டோ. யோசிச்சுக்கோ."

"வலி உயிரு போவுதுங்க உபதேசியாரே" என்றாள் ஜெயராணி.

"சம்மனசு உக்காந்து எழுந்த எடம்மா அது. வலிக்காதா பின்ன?"

பிரிட்டோ யோசித்தான். ராபர்ட் மாலை போட்டுக்கொண்டு பேனரில் சிரிப்பது கண்ணுக்குள் வந்தது. தோள் வலியைவிட அது அதிகம் வலித்தது. அனந்தபுரத்துக் கட்டுக்காரருக்கு ஆள் போயிற்று. அவர் எலும்பு பிசகியிருக்கிறது என்று சொல்லி, ஒரு காலை அவன் விலாவில் ஊன்றிக் கையைப் பிடித்து இழுத்தார். பிரிட்டோ போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் முட்டை, உளுந்து, கட்டு.

இருபது நாள் கழித்து வலி போய்விட்டது. வந்த மாதிரியே சொல்லாமல் போயிற்று. போனதற்கு உரிமை கொண்டாட மூன்று பேர் வந்தார்கள். என் கட்டு என்றார் கட்டுக்காரர். என் செபம் என்றார் உபதேசியார். நான் கொடுத்த தைலம் என்றார் கிருஷ்ணமூர்த்தி. கையைத் தூக்க முடியவில்லை என்று பிரிட்டோ சொன்னபோது அதற்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை.

அக்டோபர் கடைசியில் வேலைக்குப் போனான். பாய்லரைப் பற்றவைத்து, பாலைக் காய்ச்சி, டீயை வடித்தான். வலது கையைத் தூக்கினான். கை மார்பு வரைக்கும் போயிற்று. அங்கே கொஞ்சம் நின்று யோசித்தது. பிறகு தொங்கிப்போயிற்று. அரை லிட்டர் டீ, முன்னால் நின்ற வக்கீல் குமாஸ்தாவின் வெள்ளைச் சட்டையில்.

"இன்னா பிரிட்டோ, குளிப்பாட்டி உடுறியா?" என்றார் கிருஷ்ணமூர்த்தி கல்லாவிலிருந்து.

"கை வழுக்கிட்டுது மொதலாளி."

"வழுக்குறதுக்கு அதுல இன்னா பாசியா புடிச்சிருக்குது? மேலேர்ந்து ஊத்துனாத்தான் உலகப் புகழு. இப்பிடி வயித்துக்கு நேரா ஊத்துறதுக்கு உங்க வூட்டுக்காரியே போதும். வெளிநாட்டுக்காரன் செல்போன நீட்டிக்கினு நிக்கிறான், நீ கைய முறுக்கிக்கினு நிக்கிறே."

மூன்று நாள் இடது கையால் சமாளித்தான். இடது கை ஊற்றியதில் பாதி டீ மேடைக்குப் போயிற்று. மேடையில் தேங்கிய டீயைத் துணியால் ஒற்றி, துணியைக் கிருஷ்ணமூர்த்தி எங்கே பிழிந்தார் என்பதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் ஜெயராணி. சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்த இடத்தில் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் வெளியில் டீ குடிப்பதை விட்டாள்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். முதல் நாளே ஊரே கல்லறைத் தோட்டத்தில் நிற்கும். புல் செதுக்கி, பாசி சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் பெயரைக் கறுப்பில் திரும்ப எழுதுவார்கள். மழை விட்டிருந்தது. பிரிட்டோ சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, இடது கையில் மட்டையைப் பிடித்து நைனாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். குனிந்து நிமிர வலு இல்லாமல் வலது உள்ளங்கையை மதில் சுவரில் ஊன்றிக்கொண்டான்.

பின்னால் அருளம்மாள் களைக்கொத்தைக் கீழே போட்டாள். எதிர்வீட்டுக்காரி. ஆட்டுக்குச் சொந்தக்காரியும் அவள்தான்.

"ஐயோ மாதாவே! இங்க பாருங்களேன்! பிரிட்டோ முதுவுல இறக்க மொளைக்குது!"

எல்லாரும் பார்த்தார்கள். வலது தோள்பட்டை எலும்பு முதுகை விட்டுப் பிரிந்து, தோலைத் தள்ளிக்கொண்டு, கோழிக்குஞ்சின் முதல் இறக்கைபோல் விறைத்து நின்றது. கையைச் சுவரில் அழுத்தினால் எழுந்தது. எடுத்தால் படுத்தது.

"அழுத்துப்பா... இப்ப எடு... இப்ப அழுத்து."

பிரிட்டோ அழுத்தினான், எடுத்தான், அழுத்தினான். ஒரு கிழவி முழங்காலில் விழுந்தாள். ராபர்ட் கூட ஒரு எட்டு முன்னால் வந்து பார்த்துவிட்டு, தன் முதுகைக் கையால் தடவிக்கொண்டான்.

உபதேசியார் வந்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

"எந்தத் தோளு?"

"வலது."

"எந்தத் தண்டு?"

"முன் வலது."

"எந்தச் சம்மனசு?"

கிழவி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். உபதேசியார் முடித்தார். "இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற யூபிலி வருஷம் வேற."

மறுநாள் பாதிப் பேர் செத்தவர்களை விட்டுவிட்டுப் பிரிட்டோ வீட்டுக்கு வந்தார்கள். நாலு நாளில் மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் ஷேர் ஆட்டோ வந்தது. பங்குச் சாமியார் 'விசாரிப்போம்' என்றார். விசாரிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உபதேசியார் வாசலில் கயிறு கட்டினார். உள்ளே பிரிட்டோ வெற்று முதுகோடு சுவரில் கை ஊன்றி நின்றான். ஒவ்வொருவரும் இறக்கையைத் தொட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தொட்ட கைகளில் கருவாடு இருந்தது, பீடி இருந்தது, மாட்டுச்சாணி இருந்தது, பிள்ளையின் மூக்கைத் துடைத்தது இருந்தது. கிருஷ்ணமூர்த்தியும் வந்தார். கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம கூட்டம் வரும், கடையில வந்து சும்மா நில்லேன், ஊத்தக்கூட வேணாம்" என்றார்.

அப்புறம் எண்ணெய். இறக்கையின் மேல் தேங்காயெண்ணெய் ஊற்றி, முதுகுவழியாக வடிவதைக் கிண்ணத்தில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது என்று யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. அது வியர்வையில் இறங்கி, பழைய கட்டின் உளுந்துப் பொருக்கைக் கரைத்துக்கொண்டு, இடுப்பு மடிப்பில் தேங்கி, சாம்பல் நிறத்தில் சொட்டும்.

ஆறாம் நாள் அருளம்மாள் கிண்ணத்தில் விரலை விட்டு வழித்து, தன் நாக்கில் தடவிக்கொண்டாள்.

"இனிக்குதுடி ஜெயராணி" என்றாள்.

ஜெயராணி கொல்லைக்கு ஓடினாள். காலையில் தின்ற பழைய சோறு வாழைமரத்தடியில் விழுந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவள் கயிற்றை அவிழ்த்து வீசினாள்.

"போதும். எல்லாம் எழுந்து போங்க."

"இன்னாம்மா இது, பக்தியா வந்த ஜனங்கள..." என்று ஆரம்பித்தார் உபதேசியார்.

"பக்தியா? அந்தாளு முதுவு அழுக்க நக்கிக்கினு இருக்குறாங்க, அது பக்தியா? நீங்க ஒரு வாயி குடிங்க பாக்கலாம். இந்தாங்க கிண்ணம்."

உபதேசியார் கிண்ணத்தைப் பார்த்தார். தனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வெந்நீர் வைத்து, சீயக்காய் போட்டு, அவன் முதுகைத் தேய்த்தாள். முதல் தண்ணீர் கழுநீர்போல் போயிற்று. அழுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. தோளின் மேல் சதையே இல்லை. குழி. ஆணியில் மாட்டிய சட்டைபோல் தோல் எலும்பில் தொங்கியது.

"யோவ், சம்மனசுக்கு இறக்க மொளைச்சா சத கரைஞ்சி பூடுமா?"

பிரிட்டோ வலது கையைத் தலைப்பக்கம் கொண்டுபோகப் பார்த்தான். "தல வாரக்கூட கை போவல ஜெயா" என்றான். அவன் அழுததை அவள் பார்க்காததுபோல் இன்னொரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றினாள்.

மறுநாள் காலை, உரக்கடை மாடியில் பிசியோதெரபி வைத்திருக்கும் தமிழ்மொழியிடம் இழுத்துப்போனாள். கிருஷ்ணமூர்த்தியின் சம்சாரத்துக்கு முட்டிவலி பார்த்த பெண் அவள். கேள்விகளாகவே கேட்டாள்.

"வலி மெதுவா வந்துச்சா, திடீர்னா?"

"திடீர்னு மேடம். விடியக்காலம்."

"அதுக்கு முன்னாடி காய்ச்சல், ஊசி, ஆபரேஷன் ஏதாவது?"

"அதுக்கு முந்துன வாரம் காய்ச்சலு."

"வலி இருக்கறப்பவே கை வரலியா, வலி போனப்புறம் வரலியா?"

"வலி போயிட்டுது. கையும் அதுகூடவே போயிட்டுது" என்றாள் ஜெயராணி.

தமிழ்மொழி அவன் வலது கையைத் தானே பிடித்துத் தூக்கினாள். காது வரைக்கும் வழுவழுவென்று போயிற்று. விட்டாள். பொத்தென்று விழுந்தது.

"தோள் மூட்டு இறுகியிருந்தா நான் தூக்கினாலும் வராதுண்ணா. இது மூட்டு இல்ல, எலும்பும் இல்ல. எழுந்து செவத்துல கைய வெச்சித் தள்ளுங்க."

பிரிட்டோவுக்குப் பழக்கமான வேலை. தள்ளினான். இறக்கை எழுந்தது.

"இதுக்குப் பேரே இறக்கைத் தோள்பட்டைதான். எங்க புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

பிரிட்டோ தலையைத் திருப்பினான். "கேட்டியா ஜெயா? புஸ்தகத்துலயே இருக்குது."

"முழுசாக் கேளுங்க. தோள்பட்டை எலும்ப முதுகோட ஒட்டிப் புடிச்சி வெக்கிற சத ஒண்ணு இருக்கு. அதுக்குக் கழுத்துலேர்ந்து ஒரு நரம்பு வருது. அந்த நரம்பு வேல செய்யல, சத புடிய விட்டுடுச்சி, எலும்பு எழும்புது. அவ்ளோதான் இறக்கை. மேல் சதைக்குப் போற நரம்பும் அடிவாங்கியிருக்கு, அதான் குழி. இதுவரைக்கும் எவ்வளவோ தோள் பாத்துட்டேன், இந்த மாதிரி இதோட ரெண்டாவது. கட்டுப் போட்டவரு இழுத்தாரா?"

"காலை விலாவுல வெச்சி இழுத்தாரு."

தமிழ்மொழியின் முகம் சோற்றில் முடியைப் பார்த்த மாதிரி ஆயிற்று. புதுச்சேரி நரம்பு டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

புதுச்சேரியில் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். தோளிலும் கையிலும் ஊசி குத்தி, கரண்ட் விட்டு, டிவியில் கோடு பார்த்தார்கள். பெரிய டாக்டர் பன்னிரண்டு மாணவர்களோடு வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார், சுவரைத் தள்ளச் சொன்னார். பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து இறக்கையைத் தொட்டார்கள். ஜெயராணி அவர்கள் கைகளையே பார்த்தாள். ஊரில் தொட்டவர்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், இவர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். அதுவரைக்கும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"தோளுக்கும் கைக்கும் போற நரம்புக் கத்தையில அழற்சி. காய்ச்சல் போனாலும், அத எதிர்த்து நின்ன சக்தி சும்மா இருக்காம சொந்த நரம்பையே போய் அடிச்சிருக்கு" என்றார் டாக்டர். "மொத வாரத்துல வந்திருந்தா மாத்திரை குடுத்துப் பாத்திருக்கலாம். அந்த வலியாவது சீக்கிரம் அடங்கியிருக்கும். இப்ப அந்தக் கட்டம் தாண்டியாச்சு."

"கை வருமா சார்?" பிரிட்டோ கேட்டான்.

"பெரும்பாலும் வரும். நரம்பு தானா வளரணும், அவசரப்படுத்த முடியாது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மேலயும் ஆகலாம். செஞ்சியிலேயே அந்தப் பொண்ணுகிட்ட பயிற்சி செய்ங்க. முழுசா வரும்னு எழுதித் தர மாட்டேன். இனிமே யாரும் கையப் புடிச்சி இழுக்கக் கூடாது."

"டீ ஆத்தலாமா சார்?"

"வயித்துக்கு நேரா ஆத்துங்க. டீ ஒண்ணும் கோவிச்சுக்காது."

ஜெயராணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது நாள் என்று கணக்கு ஓடியது. முட்டை, உளுந்து, எண்ணெய், நாக்கு. ராபர்ட்டின் ஜெராக்ஸ்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஒரு மாணவி மட்டும் காகிதத்தோடு நின்றாள்.

"ஒரு கேள்வி பாக்கிண்ணா. காய்ச்சலுக்கு அப்புறம் பெரிய பாரம் ஏதாவது தூக்கினீங்களா? சில பேருக்கு அதுவும் இத ஆரம்பிச்சு வெக்கும்."

பிரிட்டோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் குரலில் பழைய கனம் வந்தது.

"தூக்குனேம்மா. மிக்கேல் சம்மனசு சப்பரம். முன் வலது தண்டு. நாலு தலைமொறையா எங்க தோளுதான்."

"எத்தன கிலோ இருக்கும்?"

"நானூறு. நாலு தண்டு, நாலு பேரு."

"நாலு பேருன்னா உங்க தோள்ல மட்டும் நூறு கிலோ!" மாணவியின் கண் விரிந்தது. 'நூறு' என்று எழுதினாள். "எவ்வளவு தூரம் தூக்கினீங்க?"

பிரிட்டோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"எழுதாதம்மா" என்றாள் ஜெயராணி.

"ஏன்க்கா?"

"நீ சும்மா இரு ஜெயா..."

"இன்னாய்யா சும்மா இரு? மருந்துக்குக் கேக்குறாங்க. டாக்டருகிட்டயும் நோட்டீஸ் படிப்பியா?" மாணவியிடம் திரும்பினாள். "அதுக்கு அடியில நாலு ஆட்டோ டயரு இருக்குதும்மா. பதினோரு வருஷமாச்சி வெல்டிங் வெச்சி. இவங்க தண்டுக்குக் கீழ தோள வெச்சிக்கினு கூட நடந்து வர்றதோட சரி. பின்னாலேர்ந்து தள்ளுவாங்க. டயரு தெரியாம இருக்கத்தான் தொங்கலு. அத நான்தான் தொவச்சேன், சக்கரத்து மையி போவவேயில்ல."

மாணவி பிரிட்டோவைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. எழுதியிருந்த 'நூறு' என்பதை அடித்தாள்.

'பாரம் தூக்கியது' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டாள்.